புளியமரத்துக்கு முன்பே டாப் கியர் விழுந்தது, மச்சான்

வம்பையும் அன்பையும் ஒரே வாயால் பேசிய என் மச்சான் தணிகாசலத்துக்கு,

விழுந்துவிட்டது. புளியமரத்துக்கு முன்பே விழுந்துவிட்டது!

முதலில் உடம்பு விசாரித்து, பிறகு மழை பற்றிச் சொல்லி, அதற்கும் பிறகுதான் விஷயத்துக்கு வருவேன் என்று உனக்குத் தெரியும். இன்று அந்த ஒழுங்கெல்லாம் முடியாது. நேற்று மாலை உன் மகள் இந்திராணி, நம் இந்து, ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மில் கேட்டைத் தாண்டி ரயில்வே கேட்டை நோக்கிப் போகும்போது, உன் பழைய அமெரிக்கக் கார் ஒரு பெருமூச்சு விட்டது, குரலைத் தாழ்த்திக்கொண்டது, மெத்தென்று டாப் கியருக்கு மாறியது. நான் கத்தினேன். இத்தனை வருஷத்தில் நான் கத்தி நீ ஒருமுறையாவது கேட்டதுண்டா?

இப்போது வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே நான் சொல்வதில் நம்பிக்கை வராது.

அந்தக் காரை நீ மெட்ராஸிலிருந்து ஓட்டி வந்த நாளில் வில்லியனூரே சிரித்தது. நெல் வியாபாரிக்கு எதற்குக் கப்பல் என்றார்கள். நீ யாருக்கும் பதில் சொல்லவில்லை. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போன பெண் குழந்தையைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, "பாருடா, இதுல இடது காலுக்கு வேலையே கெடையாது. ரெண்டே பெடலு. கியரு தானா வுழும்" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்கு அவள் கால் பெடலுக்கு எட்டவில்லை. நீ அவசரப்படவில்லை.

பிறகு அவள் ஓட்டினாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து, புளியமரம் நெருங்கும்போது முகவாயைத் தூக்கி, காதைக் கொடுத்து, மாறிய அந்தக் கணத்தில் "டாப்பு வுழுந்துச்சு!" என்பாய். காரில் யார் இருந்தாலும் கூடவே சொல்ல வேண்டும். நான் பின்சீட்டில் இருந்து முணுமுணுப்பேன். "மச்சான் சொல்றது அவனுக்கே கேக்கல" என்பாய்.

நீ போனபிறகு மில் அவள் கையில். நன்றாகவே நடத்துகிறாள். கரியமாணிக்கம், பாகூர்ப் பக்கம் எங்கே களத்தில் நெல் குவிந்திருந்தாலும் அவளே போய் நிற்கிறாள். நெல்லை எடுத்துக் கடிக்கிறாள். "இன்னும் ஒரு வெயில் காட்டணும்ணே" என்று உன்னைப் போலவே உதட்டைப் பிதுக்குகிறாள். சம்பா அறுவடை நெருங்கியபோதுதான் கார் தகராறு செய்யத் தொடங்கியது.

அல்லது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. தகராறு முன்பே தொடங்கியிருந்தது. புளியமரத்தில் விழுந்த கியர் ரயில்வே கேட்டில் விழுந்தது. பிறகு கேட்டையும் தாண்டி, பிறகு ஒதியம்பட்டுத் திருப்பத்தில். அதுவரை ஒரே கியரில், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடியது. கேட்கவே சங்கடமாக இருக்கும். மாறும்போதும் மெத்தென்று இல்லை. முதுகில் யாரோ குத்தியது போல ஒரு உதை.

காசிம் பாயை உனக்கு நினைவிருக்கும். வில்லியனூர்க் கடைத்தெருவில் அவரைத் தவிர வேறு யாரும் அந்தக் காரின் அடியில் படுக்கச் சம்மதிக்க மாட்டார்கள். படுத்தார், எழுந்தார், கையைத் துடைத்தார்.

"பொட்டி போச்சு சார். உள்ள தட்டெல்லாம் தேஞ்சி பூட்டிருக்கும். இதுக்குச் சாமான் அமெரிக்காவுலதான் கெடைக்கும். நம்மூரு கார் கீர்பாக்ஸ் ஒண்ணு மெட்ராஸ்ல சொல்லி வச்சிக்கிறேன். ஒரு கிளச்சு பெடலு வச்சிட்டோம்னா ஆயுசுக்கும் ஓடும்."

"கிளச்ச எந்தக் கால்ல மிதிக்கணும் பாய்?" என்று கேட்டாள் இந்து.

அவர் தரையைப் பார்த்தார். "டிரைவரு போட்டுக்கலாம் பாப்பா. இன்னா இப்போ?"

"டிரைவர் ஓட்டினா நான் பின்னாடி ஏத்தின மூட்டை பாய். மூட்டை போயி களத்துல வெல பேசுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று வீட்டுக்குள் நடந்துபோனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் சுவரைப் பிடித்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. அந்தப் பெட்டியை எடுத்துவிட்டால் அவளுக்குப் போவது ஒரு கார் இல்லை, மச்சான். மில்லும்தான். காரில் போய் இறங்கும் தணிகாசலத்தின் மகளுக்குக் களத்தில் ஒரு விலை. யாரோ கொண்டுவந்து இறக்கிவிடும் பெண்ணுக்கு வேறு விலை. உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

தாய்மாமன் நான் என்ன செய்தேன்? முதலில் ஒன்றும் செய்யவில்லை. நில அளவைத் துறையில் கோடு போட்டு ஓய்வு பெற்றவனுக்கு என்ஜின் பற்றி என்ன தெரியும்? நீ என்னைக் கேலி செய்வாயே, "எங்க மச்சான் எதுலயும் ஒரு சங்கிலி தூரம் தள்ளித்தான் நிப்பான், அளக்குறவன் இல்ல?" என்று. அப்படித்தான் நின்றேன்.

ஆனால் தள்ளி நின்றாலும் அளக்கலாம் அல்லவா?

அந்தக் காரின் வேகமுள் செத்து வெகுகாலம். அதனால் சாலையையே அளவுகோலாக்கினேன். இந்துவை ஒரே சாலையில் இரண்டு விதமாக ஓட்டச் சொன்னேன். ஒருமுறை முட்டை மேல் கால் வைத்த மாதிரி மெதுவாக அழுத்தி. மறுமுறை மேட்டில் லோடு ஏற்றுகிற மாதிரி ஓங்கி மிதித்து. உன் காலத்தில் மெதுவாக மிதித்தால் கியர் சீக்கிரம் விழும்; ஓங்கி மிதித்தால் தாமதமாக விழும். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பின்சீட்டில் உட்கார்ந்தவனுக்கு வேறு என்ன வேலை? இப்போது எப்படி மிதித்தாலும் ஒரே மாதிரி, அதே ஒதியம்பட்டுத் திருப்பம்.

"இதுல இன்னா மாமா தெரியுது?" என்றாள்.

"பெட்டிக்கு உன் கால் தெரியவில்லை" என்றேன். சொன்னபிறகுதான் நான் சொன்னது எனக்கே புரிந்தது.

புதுச்சேரிக்குப் பஸ் ஏறி நூலகத்தில் மோட்டார் புத்தகங்களைப் புரட்டினேன். உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, சின்னப் பிள்ளையைப் போல மகிழ்ந்தேன். விஷயம் அவ்வளவு அழகானது. என்ஜின் மூச்சை உள்ளே இழுக்கிறது இல்லையா? நிதானமாக ஓடும்போது அந்த உறிஞ்சல் பலமாக இருக்கும். ஓங்கி மிதித்தால் உறிஞ்சல் குறைந்துபோகும். என்ஜினிலிருந்து கியர்ப் பெட்டிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. அந்த உறிஞ்சலைக் கொண்டுதான் பெட்டி, ஓட்டுகிறவர் மனசை அறிகிறது. உறிஞ்சல் வந்து சேரவில்லை என்றால்? ஓட்டுகிறவர் எந்நேரமும் மேடு ஏறிக்கொண்டிருப்பதாகவே பெட்டி நினைத்துக்கொள்ளும். சமதரையில் போனாலும் மேடுதான். பாவம், மாறப் பயப்படும்.

அப்படிப் பயப்படுகிறவர்களை எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து கியர் எண்ணெயை அளவுக்கம்பியில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். சிவப்பாகவே இருந்தது; தீய்ந்த வாடை இல்லை. தட்டுகள் தேய்ந்து எரிந்திருந்தால் கருகிய நாற்றம் வரும் என்று புத்தகம் சொன்னது. பெட்டி சாகவில்லை! அடுத்தது குழாய். என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து, என்ஜினிலிருந்து இரும்புக் குழாய்க்குப் போகும் அந்தச் சாண் நீள ரப்பர்த் துண்டைக் கழற்றினேன். சிவப்பு ரப்பர். இரு முனையிலும் கோணி தைக்கும் சணல் கட்டியிருந்தது. உன் மில்லில் சணல் கட்டாத பொருள் எது? வெடிப்பு இல்லை. வாயில் வைத்து ஊதினேன். காற்று தாராளமாகப் போனது. திரும்ப மாட்டினேன்.

அவ்வளவுதான். என் சித்தாந்தம் முடிந்தது. குழாய் நன்றாக இருக்கிறது, அப்படியானால் காசிம் பாய் சொன்னதுதான் சரி, நான் யார் நடுவில்? நான் கண்டுபிடித்ததாக நினைத்த எதையும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியில் விடை இருந்திருக்கும். ஏன் எனக்கு வாய் வருவதில்லை, மச்சான்?

நேற்று, வெள்ளிக்கிழமை மாலை காசிம் பாய் ஜீப்போடும் கயிற்றோடும் வந்தார், காரை இழுத்துப் போக. கயிறு கட்டும் நேரத்தில் என் தங்கை சரோஜா வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு படி இறங்கினால் மூன்றாவதில் உட்கார்ந்துவிடுகிறாள் இப்போதெல்லாம்.

"பாய், செத்த நில்லுங்க. வெள்ளிக்கெழம அதுவுமா வண்டிய அப்பிடியே இழுத்துக்கினு போவக்கூடாது. அவரு காட்டுற மாதிரி சாம்பிராணி காட்டிட்டு எடுத்துக்கினு போங்க."

நீ காட்டுகிற மாதிரி. தராசுக்கும் கல்லாவுக்கும் எல்லோரையும் போலத்தான் காட்டுவாய். காருக்கு மட்டும் மூடியைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டுத்தான் காட்டுவாய். "தூங்குறவனுக்கு யாராச்சும் சாம்பிராணி காட்டுவாங்களா? முழிச்சிருக்கும்போது காட்டணும்" என்று சொல்வாய். பெட்ரோலுக்குப் பக்கத்தில் நெருப்பா என்று நான் கிணற்றடிக்கே போய்விடுவேன். நீ போனபின் துக்க வருஷம். வீட்டில் சாம்பிராணியே புகையவில்லை.

என்ஜினை ஓடவிட இந்து உள்ளே உட்கார்ந்தாள். சரோஜா தூபக்காலைத் தொட மாட்டேன் என்றாள். காசிம் பாயிடம் கொடுப்பதா என்று யோசிப்பதற்குள் அது என் கைக்கு வந்துவிட்டது.

வாழ்க்கையில் முதல்முறையாக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினுக்கு மேல் குனிந்தேன், மச்சான். கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கங்கு சிதறாமல் மெல்லச் சுற்றினேன். புகை மேலே வந்து விலகியது. முகத்தைத் திருப்பினால் கை எங்கே போகிறது என்று தெரியாது. அதனால் பார்த்தாக வேண்டியிருந்தது. பார்த்தேன்.

அந்தச் சிவப்புக் குழாய் தட்டையாக இருந்தது.

பால் உறிஞ்சும் குழந்தையின் கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளுமே, அப்படி ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் ஊதியபோது உருண்டையாக இருந்த அதே குழாய்!

"நிறுத்து!" என்றேன். இந்து நிறுத்தினாள். குழாய் மெல்ல, யாரும் பார்க்கவில்லை என்பது போல, உருண்டையாகிவிட்டது.

"போடு!" மறுபடி தட்டை.

"நிறுத்து! போடு! நிறுத்து!"

"யம்மா," என்றார் காசிம் பாய் சரோஜாவைப் பார்த்து, "சாருக்கு சாமி வந்துட்ச்சா?"

நான் தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். நான்! இழுத்துக் காட்டினேன். ஊதினால் திறக்கிற குழாய் உறிஞ்சினால் மூடிக்கொள்கிறது, சூட்டில் ரப்பர் தளர்ந்து போயிருக்கிறது, பெட்டிக்குச் செய்தியே போகவில்லை, பெட்டிமேல் குற்றம் இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சார் இவ்ளோ பேசுவீங்களா?" என்றார். பிறகு இரண்டு விரலால் குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் அவர் முகம் மாறியது.

"நாங்க வண்டிய ஆஃப் பண்ணிட்டுத்தான் கை வைப்போம் சார். ஓடிக்கினு கீறப்போ இத யாரு பாத்தா?"

கழற்றி எடுத்துத் தூக்கிப் பிடித்தார். வாசற்படியிலிருந்து சரோஜா கூவினாள்.

"அது இன்னா பாய், செவப்பா? இங்க காட்டுங்க. ஐயய்யோ! எங்க வூட்டு எனிமா கொழாய்! போன வருசமெல்லாம் தேடிட்டு, வேலக்காரிய வேற ஏசினேனே!"

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீ இதுலியா வாய வச்சி ஊதுன?"

இந்து ஸ்டீயரிங்கின் மேல் விழுந்து சிரித்தாள். காசிம் பாய் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு, "எனிமா குடுத்தும் வண்டிக்கு கீர் எறங்கலியே சார்!" என்றார். சரோஜா சிரித்தாள், மச்சான். நீ போனபிறகு அவள் பல்லை நான் பார்த்ததே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். நான் கொப்பளிக்க ஓடினேன்.

ஆக, அது உன் வேலை. பழைய குழாய் வெடித்திருக்கும். "ரெண்டு நாளைக்குத் தாங்கும், அப்பறம் மாத்திக்கலாம்" என்று கைக்குக் கிடைத்ததை மாட்டிச் சணல் கட்டியிருப்பாய். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய், சொன்னால் எந்தக் குழாய் என்று சரோஜா கேட்பாளே! மாற்றுவதற்குள் நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். அப்படித்தானே? உனக்கு அதைக் கட்டும்போது சிரிப்பு வந்திருக்குமா? யாருக்காவது சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று இருந்திருக்குமா? என்னிடம் சொல்லியிருக்கலாமே.

காசிம் பாய் தன் சாமான் பெட்டியிலிருந்து துணி சுற்றிய தடித்த ரப்பர்க் குழாய் ஒன்றை அளந்து அறுத்து மாட்டினார். கிளிப் போட்டு முறுக்கினார். "சணல் வேணாமா சார்?" என்று ஒரு குத்தல். பிறகு அவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். இழுத்துப் போக வந்த ஜீப் வாசலில் தனியாக நின்றது.

மில் கேட். இந்து முட்டை மேல் கால் வைத்தாள். இது பொய்த்தால் இனி எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மரம் தெரிந்தது. மரத்தின் நிழல் சாலையில் விழும் இடம் தெரிந்தது. அவள் முகவாயைத் தூக்கினாள், உன்னைப் போலவே.

"டாப்பு வுழுந்துச்சு!"

மூன்று பேரும் சொன்னோம். என் குரல்தான் பெரியது. ரயில்வே கேட்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒதியம்பட்டில் திரும்பி வரும்போது ஓங்கி மிதிக்கச் சொன்னேன். தாமதமாக விழுந்தது, விழ வேண்டியது போலவே. பெட்டிக்கு அவள் கால் தெரிந்துவிட்டது. காசிம் பாய் வீட்டு வாசலில் இறங்கிக் கயிற்றைச் சுருட்டினார். "மெட்ராஸ்ல வேணான்னு சொல்லிடறேன் பாப்பா" என்றார். இந்து அவரை உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

இன்று காலை விடியும்போதே தனியாகக் கரியமாணிக்கத்துக்குக் கிளம்பிப் போனாள். இதை எழுதும்போது இன்னும் திரும்பவில்லை. நல்ல நெல்லாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போக மறுக்கிறது. நீ கடைசி நாட்களில் மூச்சு வாங்கி மூட்டைமேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாய். கேட்டால், "நெல்லுத் தூசி மச்சான்" என்றாய். உன் நடை குறைவதை நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஓடிக்கொண்டிருந்தபோது யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. நின்றபிறகு டாக்டர்கள் எல்லாம் சொன்னார்கள். நின்றபிறகு சொல்லி என்ன?

நேற்று சரோஜா சிரித்து முடித்தபின், அவள் மூச்சு அடங்கவே இல்லை. படியில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சிரிப்புத்தான் என்றாள். எல்லோரும் நம்பினார்கள். நான் நம்பவில்லை, மச்சான். ஆனாலும் நேற்று வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை திறந்தேன். "திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இந்து ஓட்டுவாள்" என்றேன். "எனக்கு இன்னா கேடு? நல்லாத்தான கீறேன்" என்றாள். "நல்லா இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எந்தப் பொடவ கட்டிக்கிறது?" என்று கேட்டாள்.

அழைத்துப் போகிறேன். சரியாகச் சொல்லும்வரை அங்கேயே உட்காருவேன், கேள்வி கேட்பேன், விடை பிடிபடாவிட்டால் மறுபடியும் கேட்பேன். வெள்ளிக்கிழமைதோறும் மூடியைத் திறந்து, ஓடும் என்ஜினுக்கு நானே சாம்பிராணி காட்டுவேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே காட்டுவேன். இது உனக்கு என் சத்தியம்.

அந்தச் சிவப்புக் குழாயை எறியவிடவில்லை சரோஜா. கழுவி, பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறாள்.

ஒரு சங்கிலி தூரத்தை இப்போதுதான் நடந்து கடந்திருக்கும்,
உன் பெண்டாட்டியின் அண்ணன், உன் மகளின் தாய்மாமன்,
உன் மச்சான் சபாபதி